ரசத்தை முதலில் கேட்டால் பைத்தான்

ஒருவர் சாம்பார் ஊற்றிக்கொள்ளும் அழகைப் பார்த்தே, அவர் கம்ப்யூட்டரில் எந்த லாங்குவேஜை முதலில் படிக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் மேற்குத் தாம்பரத்தில், என் மெஸ்ஸுக்கு மேல்மாடியில் இருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மாடிப்படிக்கு மேலே தொங்கிய பலகையில் அது எழுதியும் இருந்தது. வெயிலில் எழுத்தெல்லாம் உரிந்து கடைசியில் 'கம்ப்யூட்டர் சென்டர்' என்பது மட்டும் மிஞ்சியது. அவரிடம் படித்தவர்களுக்கும், படிக்க வந்து ஓடிப்போனவர்களுக்கும், தபால்காரருக்கும்கூட அவர் இலை சார்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க வேண்டுமானால், அதற்கென்று இருக்கும் ஒரு லாங்குவேஜில் எழுதிக் கொடுக்க வேண்டும். சீ, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று அதில் நிறைய உண்டு. எதை முதலில் படிப்பது என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் மெஸ்ஸிலேயே காட்டாங்குளத்தூர் காலேஜ் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, "சீ தான்டா பேஸ்மென்ட்டு", "பேஸ்மென்ட்லயே குடியிரு மச்சான்" என்று கத்தி, கடைசியில் அப்பளத்தை வீசிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இலை சாருக்கு இந்தச் சண்டையே பிடிக்காது.

"எது நல்லதுன்னு கேட்டா அடிதடிதான் வரும் முதலாளி. இவனுக்கு எது ஒத்துக்கும்னு கேக்கணும். அது அவன் இலையில தெரிஞ்சிடும்."

நாலு மேஜை போட்ட மெஸ்ஸை வைத்திருந்த என்னை முதலாளி என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

சேர வருகிற யாரையும் அவர் நேராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார். "கீழ போய் சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். மத்தியானம் அவரே கீழே இருந்தால், கை கழுவும் தொட்டி ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்ப்பார். மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தால், பார்க்கும் வேலை என்னுடையது. கூட்டம் குறைந்ததும் இறங்கி வந்து, "என்ன முதலாளி, என்ன பாத்தீங்க?" என்பார்.

எனக்குப் பேச்சு வராது. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே கூச்சம். அதனால் எப்போதும் இலையைத்தான் பார்ப்பேன். இலை சாருக்கு அது வசதியாகப் போய்விட்டது.

"அவர் பொரியல் தனி, கூட்டு தனின்னு ஓரத்துல வரிசையா வெச்சிக்கிட்டாரு சார். அப்பளம் வர்ற வரைக்கும் சாதத்துல கையே வெக்கல."

"ஜாவா" என்பார் உடனே.

புதன்கிழமை மீன் குழம்பில் ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் அடுக்கி, வாலைக்கூட விடாமல் சாப்பிடுகிறவருக்கு சீ. செல்போனைப் பார்த்துக்கொண்டே மோரில் ஆரம்பித்து சாம்பாரில் முடிக்கிறவருக்கு ஜாவாஸ்கிரிப்ட். வந்ததும் வராததுமாக ரசத்தைக் கேட்கிறவருக்கு பைத்தான். சாப்பிட்டு முடித்து இலையை மடிக்காமல் எழுந்து போனால் மட்டும் அவர் முகம் வாடிவிடும்.

"ஆரம்பிச்சத மூடாமப் போறான் பாருங்க. இவன் எந்த லாங்குவேஜ் படிச்சாலும் கஷ்டந்தான்."

அவர் சொன்னது பலித்ததா என்று கேட்பீர்கள். சிலருக்குப் பலித்தது. சிலர் அடுத்த மாதமே வேறு ஒன்றுக்கு மாறி, அதிலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அப்படி மாறியவர்களைப் பற்றி நான் தயங்கித் தயங்கிக் கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"அன்னிக்கு உங்க சாம்பார்ல உப்பு கம்மி முதலாளி. அதான் கணக்கு தப்பிடுச்சு."

ஒரு முறை ஓர் அப்பா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி விற்கிறவர். "எதுக்கு சம்பளம் ஜாஸ்தியோ அதைப் போடுங்க சார்" என்றார், பீரோ வாங்க வந்தவர் மாதிரி. முதலில் பையன் சாப்பிடட்டும் என்றார் இலை சார். இருவரும் உட்கார்ந்தார்கள். பையனுக்கு எது வேண்டும் என்று அப்பாவே சொன்னார். சாதத்தை அப்பாவே பிசைந்தார். "கூட்டைத் தொட்டுக்கோடா" என்றார். "போதும், மோருக்கு வயித்துல இடம் வை" என்றார். எல்லாவற்றையும் தொட்டி ஓரத்திலிருந்து பார்த்த இலை சார் எழுந்து வந்து பணிவாகச் சொன்னார்:

"சார், உங்களுக்கு ஜாவா நல்லா வரும். பையன் இன்னும் சாப்பிடவே இல்லை. அவன் சாப்பிட்டதும் கூட்டிட்டு வாங்க."

இந்த ரகசியம் எவ்வளவு நாள் ரகசியமாக இருக்கும்? பிள்ளைகளுக்குள் பரவிவிட்டது. எல்லோருக்கும் அப்போது பைத்தான்தான் வேண்டும். உட்காரும்போதே "அண்ணா, ரசம்!" என்றார்கள். சாம்பார் வாளியோடு போனால் இலையைக் கையால் மறைத்தார்கள். பந்தி பாதி நடக்கும்போதே ரசம் தீர்ந்து, சாம்பார் ஏரி மாதிரி தேங்கி நின்றது. என்னிடம் பரிமாறும் சேகர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னாணா இது பேஜாரா கீது? மேல அந்தாளு இன்னாவோ சொல்லிக்கினு கீறாரு, கீழ நம்ம சாம்பாரு ஊசிப்போவுது!"

இப்படி யார் வந்தாலும் ஒரு பதில் வைத்திருந்த இலை சார், ஒரே ஒருவர் விஷயத்தில் வாயடைத்துப் போனார். அவர் ரூபி டீச்சர்.

ரூபி டீச்சர் வீடு பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர். பிள்ளைகள் சேர்க்கை குறைந்துபோய் அந்த வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பள்ளி நிர்வாகத்தில் அவரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் டீச்சர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது, லீவு முடிவதற்குள் ஏதாவது ஒரு லாங்குவேஜ் கற்றுக்கொண்டு வந்து, பள்ளி திறக்கும் வாரத்தில் எங்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், நன்றாக எடுத்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வாதம் வந்து படுத்த அப்பா. ரயில்வேயில் இருந்தவர். வேறு இடம் என்று தூரமாகப் போனால் அவரைப் பார்க்க ஆள் இல்லை. நடந்து போய் வரும் தூரத்தில் இருக்கும் இந்த ஒரு வேலையை விட்டால் டீச்சருக்கு வேறு வழி கிடையாது.

கத்திரி வெயிலில் குடையோடு வந்து நின்றார்.

"சார், சர்ச்ல ஒருத்தர் ஜாவாங்கறாரு. பக்கத்து வீட்டுத் தம்பி சீ இல்லாம எதுவுமே இல்லைங்கறான். சொந்தக்காரப் பொண்ணு ரெண்டும் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட் போங்கங்கறா. நான் எதைப் படிக்கறது?"

"கீழ போய் சாப்பிட்டுட்டு வாங்கம்மா."

கீழே வந்தார். "அண்ணா, ஒரு சாப்பாடு பார்சல்" என்றார்.

பார்சல்! இலை சார் தன் வாழ்நாளில் பார்சலை நினைத்துப் பார்த்ததே இல்லை. மறுநாளும் பார்சல். அதற்கு மறுநாளும் பார்சல். அப்பாவோடுதான் சாப்பிடுவேன் என்பது டீச்சரின் பழக்கம். மாடியில் உட்கார வைத்து டைப் அடிக்க மட்டும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, இலை சார் என்னைக் குடைந்தார்.

"எப்படிக் கட்டச் சொல்றாங்க? சாம்பாரும் ரசமும் ஒண்ணா, தனித்தனியா?"

"தனித்தனிதான் சார். ரசம் மட்டும் ரெண்டு. காரம் இல்லாம."

"ரெண்டு ரசம்!" என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். சாயங்காலம் முகம் தொங்கிவிட்டது. "அது அவங்க அப்பாவுக்கா இருக்கும் முதலாளி. அப்பாவோட லாங்குவேஜ வெச்சு நான் என்ன பண்றது?"

லீவு கரைந்துகொண்டே போனது. ஒரு நாள் டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க சார். தப்பா இருந்தாலும் பரவால்ல."

இலை சார் தலையை ஆட்டினார். "அந்தப் பசங்களுக்குத் தப்பா சொன்னா மாத்திப்பாங்கம்மா. உங்களுக்கு மாத்திக்க நாள் இல்லை. பாக்காம சொல்ல மாட்டேன்."

இது பிடிவாதமா, அக்கறையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மெஸ் விடுமுறை. சனிக்கிழமை சாயங்காலமே வந்து சொல்லிவிட்டார்:

"நாளைக்கு நாலு பேருக்குச் சமைங்க முதலாளி. டீச்சர் வீட்டுக்கே போயிடுவோம்."

தூக்குகளில் சாம்பார், ரசம், கூட்டு என்று எல்லாவற்றையும் நான் சுமந்தேன். அவர் இலைக்கட்டைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். ஷேர் ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், இலையோட கெளம்பிட்டீங்க? யாரு வூட்ல கல்யாணம்?"

"கல்யாணம் இல்லப்பா. அட்மிஷன்."

பெருங்களத்தூர் வரை அந்த டிரைவர் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

டீச்சர் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். எங்களைப் பார்த்துத் திகைத்தாலும், மரியாதையாகப் பாய் விரித்தார். கூடத்து ஓரத்தில் கட்டிலில் அப்பா. மெலிந்த மனிதர். சிரித்த கண்கள். சாப்பாட்டைத் திறந்து வைத்ததும் அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார். வாதம் வந்த வாய், ஒவ்வொரு சொல்லும் நின்று நின்று வந்தது. எங்களுக்காக ஜெபித்தார். என் மெஸ்ஸுக்காக ஜெபித்தார். ஷேர் ஆட்டோ டிரைவருக்காகவும் ஜெபித்தார் என்று நினைக்கிறேன். ஆமென் சொல்லும்போது ரசம் ஆறிப்போயிருந்தது.

டீச்சர் இலை போட்டார். "உக்காருங்க சார். அண்ணா, நீங்களும்."

"நீங்க உக்காருங்கம்மா" என்றார் இலை சார்.

"நல்லா இருக்கே! வந்தவங்க சாப்பிடாம நான் எப்படி சாப்பிடறது?"

"இல்லம்மா. நீங்க சாப்பிடுங்க. நாங்க பாக்கறோம்."

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. டீச்சர் முகம் சிவந்துவிட்டது. ஒருவர் வீட்டுக்குப் போய், அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அவர் கரண்டியோடு நிற்க, இவர் இலையோடு நிற்க, யாரும் உட்காரவில்லை. யாரும் சாப்பிடாமலே பொழுது சாய்ந்துவிடும் போல இருந்தது.

கட்டிலிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "சாப்பிடறதப் பாக்க... டிக்கெட்டு... உண்டா சார்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "அப்பாவுக்கு நேரமாயிடுச்சு. அவருக்குக் குடுத்துட்டு வந்துடறேன்."

கிண்ணத்தில் சாதத்தைப் போட்டு, ரசம் ஊற்றி, விரலால் நன்றாக மசித்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு சின்ன வாய் கொடுத்தார். அப்புறம் அப்பாவின் தொண்டையையே பார்த்தார். இறங்கியது. அடுத்த வாய். தொண்டையைப் பார்த்தார். இறங்கியது. அடுத்த வாய்க்கு அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. டீச்சர் பதறவில்லை. முதுகைத் தடவி, இருமல் அடங்கும் வரை காத்திருந்தார். கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ரசம் விட்டு, இன்னும் கொஞ்சம் மசித்து, முன்னதைவிடச் சின்னதாக ஒரு வாய் கொடுத்தார். அது இறங்கியது.

இலை சார் இலையைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நான் போட்டதைச் சாப்பிட்டு, இலையை மடித்து எழுந்தார். டீச்சர் சாப்பிடும் வரை காத்திருக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். தூக்குகளை அங்கேயே விட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன்.

ஏரிக்கரையில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பைத்தான், முதலாளி."

"அவங்க சாப்பிடவே இல்லையே சார்?"

"ஒரு வாய் குடுத்து, எறங்கிச்சான்னு பாத்து, அடுத்த வாய் குடுக்கறாங்க. பைத்தானும் அப்படித்தான். ஒரு வரி குடுத்தா உடனே பதில் சொல்லும். இருமினா அந்த ஒரு வரிய மாத்திக் குடுக்கலாம். சீயும் ஜாவாவும் அப்படி இல்லை. மொத்தமா சமைச்சு, அடுப்புல ஏத்தி எறக்கி, அப்புறந்தான் பந்தி."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்: "இத்தனை வருஷமா எப்படி சாப்பிடறாங்கன்னே பாத்திருக்கேன். எப்படி ஊட்டறாங்கன்னு பாக்கணும்னு தோணவே இல்லை பாருங்க. அவங்க டீச்சராச்சே."

மறுநாளே பாடம் தொடங்கியது. முதல் நாளே டீச்சர் ஏதோ தப்பாக அடிக்க, திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்துவிட்டதாம். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து முந்தானையால் திரையை மூடிவிட்டார். "இருமல்தாம்மா. பதறாதீங்க. எந்த வரின்னு பாத்து, கொஞ்சம் மசிச்சுக் குடுங்க" என்றார் இலை சார். அன்றிலிருந்து அந்த சென்டரில் தப்பு வந்தால் அதற்குப் பெயர் இருமல். மாடியிலிருந்து "சார், எனக்கு இருமிடுச்சு!" என்று குரல் வரும்போதெல்லாம், கீழே சாப்பிடும் வெளியூர்க்காரர்கள் கவலையோடு மேலே பார்ப்பார்கள்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துக் காட்டும் நாள் வந்தது. இலை சார் அன்றைக்கு மாடிக்கே போகவில்லை. தொட்டி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் அவருக்கும் ஓர் இலை போட்டான். சற்று நேரத்தில் சேகரின் குரல் உச்சத்தில் கேட்டது.

"இன்னா சார் நீ, மோர்ல சாம்பார வுட்டுக்கினு கீற?"

இலை சார் குனிந்து தன் இலையைப் பார்த்தார். மோர், சாம்பார், அதன் மேல் ஊறுகாய், எல்லாவற்றுக்கும் நடுவில் நனைந்த அப்பளம்.

"இதுக்கெல்லாம் லாங்குவேஜ் இன்னும் கண்டுபிடிக்கல சேகரு" என்றார் பாவமாக.

கூட்டம் கலைகிற நேரத்தில் ரூபி டீச்சர் வந்தார். குடையை மடித்துச் சுவரில் சாய்த்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நான் பார்த்தால் எங்கே தெரியப்போகிறது. "அண்ணா, ஒரு சாப்பாடு" என்றார். சேகர் பழக்கத்தில் பார்சல் கட்டப் போனான்.

"பார்சல் வேண்டாம். இலை போடுங்க. இன்னிக்கு அப்பாவப் பாத்துக்க ஊர்லருந்து எங்க அக்கா வந்திருக்காங்க." இலை சார் பக்கம் திரும்பினார். "நாளையிலருந்து கம்ப்யூட்டர் லேப் சாவி என்கிட்டதான் சார். பசங்க ஒவ்வொரு வரியா அடிச்சுப் பாத்தாங்க. ஒருத்தனுக்கு இருமுச்சு. மசிச்சுக் குடுத்தேன்."

இலை சார் தலையைப் பல தடவை ஆட்டினார்.

டீச்சர் நடு மேஜையில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்தார். நான் சாதம் வைத்தேன். ஒரு கையில் சாம்பார் வாளி, மறு கையில் ரச வாளியோடு சேகர் வந்து நின்றான். கோடை முழுக்க எந்த இலைக்காக இலை சார் காத்திருந்தாரோ, அந்த இலை கண்ணெதிரே விரிந்து கிடந்தது.

அவர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, டீச்சருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். எதிரே கேலண்டரைத் தவிர ஒன்றும் இல்லை.

"இன்னா சார், இத்தினி நாளா இதுக்குத்தான காத்துக்கினு இருந்த? பாக்கலியா?"

"சாப்பிடறவங்கள அப்படிப் பாக்கக்கூடாதுப்பா" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "வயித்த வலிக்கும்."

டீச்சர் முதலில் எதை ஊற்றிக்கொண்டார் என்பதை நான் பார்த்தேன். கூட்டம் குறைந்த பிறகும் இலை சார் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது மாடியில் தையல் கடை. எல்லோரும் செல்போனிலேயே பாடம் படிக்க ஆரம்பித்ததும் இலை சார் சென்டரை மூடிவிட்டு, கூடுவாஞ்சேரியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். ரூபி டீச்சர் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்.

புதிதாக யாராவது வந்து உட்கார்ந்து "அண்ணா, ரசம்" என்று முதலில் கேட்டால், இன்றைக்கும் நான் வாளியோடு ஒரு நொடி நின்று மாடிப்படியைப் பார்க்கிறேன். எத்தனையோ பேர் என்னிடம் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.